பாதி விலைக்குப் பழைய எஸ்யூவி... ஸ்பேர் பார்ட்ஸும் பாதி விலைக்குக் கிடைக்குமா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கான ஜிஎஸ்டி குறைந்தது. 4 மீட்டருக்குள் நீளமுள்ள சின்ன கார்களுக்கு 29 முதல் 31 சதவீதமாக இருந்த வரி 18 சதவீதமானது. பெரிய எஸ்யூவிகளுக்கு செஸ் உட்பட 45 முதல் 50 சதவீதம் வரை இருந்த வரி, 40 சதவீதமானது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் கூடவே இறங்கும். அதுதான் இப்போது நடக்கிறது.

இதனால் தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர் போன்ற ஊர்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "புதுசா சின்ன கார் வாங்குற காசுக்கு, ஏழு வருஷம் ஓடின பெரிய எஸ்யூவியே வாங்கிடலாமே?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இடம் அதிகம், உயரம் அதிகம், குடும்பத்தோடு திருப்பதி போகலாம், தோட்டத்து மண் ரோட்டிலும் போகலாம். வாங்கும் காசு கையில் இருக்கிறது. ஆனால் வாங்கிய பிறகு ஐந்து வருடம் அதை ஓட வைக்கும் காசு இருக்கிறதா? பலரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

விஷயம் ரொம்ப எளிது. 14 லட்சம் ரூபாய் வண்டி, ஏழு வருடத்தில் 7 லட்சம் ஆகலாம். அதன் கிளட்ச், டயர், ஷாக் அப்சார்பர் விலை பாதியாகாது. வண்டிக்குத்தான் வயசு, பாகத்துக்கு இல்லை. கடையில் வாங்கும் பாகம் எப்போதும் புதுசு, விலையும் புது விலை.

எந்தெந்தச் செலவு, எப்போது வரும்? இன்சூரன்ஸ் எவ்வளவு கை கொடுக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

எஸ்யூவி என்றால் எல்லாம் ஒன்றா?

இல்லை. இந்திய வாகன உற்பத்தியாளர்கள் சங்கக் கணக்குப்படி, 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்கள் சுமார் 43 லட்சம். அதில் சுமார் 65 சதவீதம் யுடிலிட்டி வாகனங்கள். அதாவது எஸ்யூவி, எம்யூவி வகைகள். மூன்றில் இரண்டு வண்டி இப்படி என்றால், அந்தப் பெயருக்குள் பல ரகம் இருக்கும்தானே? பராமரிப்புச் செலவை வைத்துப் பார்த்தால் மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, 4 மீட்டருக்குள் இருக்கும் குட்டி எஸ்யூவிகள். டாடா நெக்ஸான், மாருதி பிரெஸ்ஸா, ஹூண்டாய் வென்யூ போன்றவை. உயரம் கூடிய கார் என்று இவற்றைச் சொல்லலாம். பராமரிப்பும் ஏறக்குறைய கார் மாதிரிதான்.

இரண்டாவது, ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டாஸ், மஹிந்திரா எக்ஸ்யூவி 700 போன்ற நடுத்தர, பெரிய வண்டிகள். இவற்றில் எலக்ட்ரானிக்ஸ் அதிகம், சென்சார் அதிகம்.

மூன்றாவது, லாரி மாதிரி தனி சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்திருக்கும் வண்டிகள். பொலேரோ, ஸ்கார்பியோ, டொயோட்டா ஃபார்ச்சூனர் எல்லாம் இந்த வகை. இதற்குள்ளேயே செலவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் உண்டு. 2000-ல் வந்த பொலேரோவின் அமைப்பு எளிது. பின்பக்கம் இன்றும் லீஃப் ஸ்பிரிங்தான். 25 வருடமாக ஓடுவதால் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் சின்ன ஊரிலும் கிடைப்பார். ஃபார்ச்சூனருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

ஆகவே "எஸ்யூவி மெயின்டனன்ஸ் எவ்ளோ ஆகும்?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த வகை, எத்தனை வருட வண்டி, எந்த ஊரில் ஓடுகிறது என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

முதல் ஐந்து வருடம் ஏன் செலவு தெரிவதில்லை?

புது வண்டிக்கு மூன்று பாதுகாப்பு இருக்கிறது. ஒன்று, வாரன்டி. பொதுவாக 3 ஆண்டு. கூடுதல் பணம் கட்டினால் நீட்டித்துக் கொள்ளலாம். இரண்டு, இன்சூரன்ஸில் 'ஜீரோ டெப்ரிசியேஷன்' என்ற கூடுதல் பாலிசி. விபத்தில் மாற்றும் பாகத்துக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தருவார்கள். மூன்று, எல்லாப் பாகமும் புதுசு என்பதால் பெரிய வேலை எதுவும் வராது. ஆயில், ஃபில்டர், கொஞ்சம் பிரேக் பேடு, அவ்வளவுதான்.

ஐந்தாம் வருடம் முதல் ஏழாம் வருடத்துக்குள் இந்த மூன்றும் விலகிவிடும். வாரன்டி முடிந்திருக்கும். ஜீரோ டெப்ரிசியேஷனை நிறைய நிறுவனங்கள் 5 ஆண்டு வரைதான் தருகின்றன. அதற்கு மேல் தருபவை சில. கிளட்ச், சஸ்பென்ஷன் என்று தேய்கிற பாகங்கள் வரிசையில் வந்து நிற்கும்.

முதல் உரிமையாளர் பெரும்பாலும் வண்டியை விற்பதும் இந்தச் சமயத்தில்தான். விலை பாதியாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவதாக வாங்குபவருக்கு வண்டியோடு சேர்ந்து அந்தச் செலவும் கைமாறுகிறது.

பெரிய செலவுகள் எவை?

டயர்: மாருதி ஸ்விஃப்டில் 14 அல்லது 15 அங்குல டயர். ஸ்கார்பியோ-என் வண்டியில் 17 அல்லது 18 அங்குலம், அகலமும் அதிகம். ஃபார்ச்சூனரில் இன்னும் பெரிசு. அளவு கூடக் கூட விலை ஏறும். நாலு டயரையும் ஒரே நேரத்தில் மாற்றும்போது அது தெரியும். டயரில் பட்டன் நிறைய இருந்தாலும், வயசானால் ரப்பர் இறுகிவிடும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு எண் எந்த வாரம், கடைசி இரண்டு எண் எந்த வருடம் தயாரித்தது என்று சொல்லும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம். பழைய வண்டி பார்க்கப் போகும்போது முதலில் இதைப் பாருங்க.

பிரேக், சஸ்பென்ஷன்: ஸ்விஃப்ட் போன்ற காரின் எடை ஒரு டன்னுக்குள். ஃபார்ச்சூனர் இரண்டு டன்னுக்கு மேல். அவ்வளவு எடையை நிறுத்தவும் தாங்கவும் வேண்டும் என்பதால் பிரேக் பேடு, டிஸ்க், ஷாக் அப்சார்பர், புஷ் எல்லாம் சீக்கிரம் தேயும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் பேடும் டிஸ்க்கும் சூடேறிப் பிடிமானம் குறையும். கீழ் கியரில் இறங்குவது உயிருக்கும் நல்லது, பேடுக்கும் நல்லது.

கிளட்ச்: பல டீசல் எஸ்யூவிகளில் கிளட்ச் பிளேட்டோடு 'டூயல் மாஸ் ஃப்ளைவீல்' என்ற பாகமும் இருக்கும். அதிர்வைக் குறைப்பது அதன் வேலை. கிளட்ச் மாற்றும்போது அதுவும் தேய்ந்திருந்தால் பில் பல மடங்கு எகிறும். வாங்கும் முன் மெக்கானிக்கிடம் இதைத் தனியாகக் கேட்பது நல்லது.

டைமிங் பெல்ட்: சில இன்ஜின்களில் செயின், சிலவற்றில் ரப்பர் பெல்ட். பெல்ட் என்றால் கம்பெனி சொன்ன கிலோமீட்டரிலோ வருடத்திலோ மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அறுந்தால், பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே பிரிக்க வேண்டியதாகிவிடும். "நல்லாத்தானே ஓடுது" என்று தள்ளிப்போடும் வேலை இது இல்லை.

டர்போ, இன்ஜெக்டர்: இன்றைய டீசல் எஸ்யூவி எல்லாவற்றிலும் டர்போ உண்டு. ஆயில் மாற்றாமல் ஓட்டினால் முதலில் அடிவாங்குவது இதுதான். நீண்ட தூரம் வேகமாக ஓட்டி வந்து நிறுத்தியதும் இன்ஜினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுவது பழைய பழக்கம். இப்போதும் நல்ல பழக்கம்.

தருமபுரி மாவட்டம் போன்ற வறண்ட, புழுதி அதிகமுள்ள பகுதியில் இன்னொன்று சேரும். ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். மண் ரோட்டில் அதிகம் ஓடும் வண்டிக்கு, சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்காமல் நடுவிலேயே ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய் ஃபில்டர், பல ஆயிரம் ரூபாய் டர்போவைக் காப்பாற்றும்.

ஊருக்குள் மட்டும் ஓட்ட டீசல் எஸ்யூவி சரியா?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 விதி வந்தது. அதன் பிறகு வந்த டீசல் வண்டிகளில் புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்கும் ஒரு ஃபில்டர் இருக்கிறது. 'டிபிஎஃப்' என்பார்கள். பிடித்து வைத்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓடி, புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும்.

கம்பைநல்லூரில் இருந்து பக்கத்து ஊர்ச் சந்தை, பள்ளிக்கூடம், தோட்டம் என்று தினமும் சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் ஓடினால் அந்தச் சூடே வராது. கரி சேர்ந்து, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதையும் கவனிக்காமல் விட்டால் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். அது பெரிய செலவு. வாரத்துக்கு ஒரு முறையாவது தருமபுரி-கிருஷ்ணகிரி நான்கு வழிச் சாலை போன்ற இடத்தில் நிற்காமல் ஓட்டும் வாய்ப்பு இருப்பவருக்கு இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. அந்த வாய்ப்பே இல்லாதவர் பெட்ரோல் பக்கம் போவது நல்லது.

பல புது டீசல் எஸ்யூவிகளில் 'ஆட்ப்ளூ' எனப்படும் திரவமும் ஊற்ற வேண்டும். யூரியாவைச் சுத்தமான நீரில் கரைத்துச் செய்வது அது. "யூரியாதானே" என்று உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றினால், அதிலுள்ள அசுத்தம் படிந்து அந்த அமைப்பே கெட்டுப்போகும். ஆட்ப்ளூ முழுசாகத் தீர்ந்துவிட்டால், அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

பெட்ரோல் வண்டிக்கும் ஒரு கணக்கு உண்டு. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்கள், கேஸ்கெட் போன்றவற்றைக் கொஞ்சம் முன்கூட்டியே மாற்ற வேண்டி வரலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. பெரிய செலவில்லை, வழக்கமான சர்வீஸிலேயே மாற்றிவிடலாம் என்றும் சொன்னது. பழைய பெட்ரோல் எஸ்யூவி வாங்குபவர் எரிபொருள் குழாய்களையும் ஒரு தடவை பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?

தேய்மானத்தால் வரும் ரிப்பேருக்கு இன்சூரன்ஸ் கிடையாது. கிளட்ச் போனால், டர்போ போனால் முழுச் செலவும் உரிமையாளருடையதுதான். விபத்துக்குத்தான் பாலிசி. அதிலும் வண்டிக்கு வயசாக ஆக, கைக்கு வருவது குறையும்.

ஜீரோ டெப்ரிசியேஷன் இல்லாத சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி, டயர் ஆகியவற்றுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். இரும்புப் பாகங்களுக்கு முதல் 6 மாதம் கழிவு இல்லை. 5 முதல் 10 வருட வண்டிக்கு 40 சதவீதம். 10 வருடம் தாண்டினால் 50 சதவீதம். கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். ஏழு வருட எஸ்யூவி, முன்பக்கம் இடித்துவிட்டது. பம்பர் உள்ளிட்ட பிளாஸ்டிக் ரூ.20,000, இரும்புப் பாகங்கள் ரூ.30,000, கண்ணாடி ரூ.15,000 என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக்கில் ரூ.10,000, இரும்பில் ரூ.12,000 கழிவு. 1,500 சிசிக்கு மேற்பட்ட வண்டி என்றால் கட்டாயக் கழிவு இன்னும் ரூ.2,000. ரூ.65,000 பாக பில்லில் ரூ.24,000 கையிலிருந்து கட்ட வேண்டும்.

மூன்றாம் நபர் பிரீமியத்திலும் இன்ஜின் அளவு முக்கியம். 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த விகிதப்படி 1,000 சிசி வரை ஆண்டுக்கு ரூ.2,094, 1,500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 1,500 சிசியைத் தாண்டும் எஸ்யூவிக்கு இது மட்டும் ரூ.9,300-க்கு மேல்.

இதில் பழைய வண்டி வாங்குபவர் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. 2020-க்கு முந்தைய கிரெட்டாவில் 1.6 லிட்டர் இன்ஜின் வந்தது. அது மேல் விகிதத்தில் வரும். 2020-ல் வந்த புது கிரெட்டாவின் 1.5 லிட்டர் டீசல் 1,493 சிசிதான். அது நடு விகிதம். பெயர் ஒன்று, ஆனால் பழைய வண்டிக்குப் பிரீமியம் இரண்டு மடங்குக்கு மேல்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிந்தைய மழையில், கம்பைநல்லூருக்குப் பக்கமுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போன காட்சிகளை எல்லோரும் பார்த்தோம். வறண்ட மாவட்டம், நமக்கு வெள்ளம் வராது என்ற நினைப்பு அன்றோடு போனது.

தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டனால் தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இப்படி வரும் இன்ஜின் சேதத்துக்குச் சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது கஷ்டம்; 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாலிசி வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகள் பாலிஷ் போட்டு விற்பனைக்கு வருவதும் உண்டு. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்க, அடி முனையில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் துரு, உள்ளே ஈர வாடை இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

கம்பெனி சர்வீஸா? உள்ளூர் மெக்கானிக்கா?

கம்பைநல்லூரில் இருப்பவர் கம்பெனி சர்வீஸ் வேண்டுமென்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி அல்லது சேலம் போக வேண்டும். ஒரு நாள் வேலை கெடும். உள்ளூர் மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறார், கூலியும் குறைவு. ஆனால் புது எஸ்யூவியில் கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும், கம்பெனி மென்பொருள் வேண்டும், ஒரிஜினல் பாகம் வேண்டும்.

இந்தப் பிரச்சினை தேசிய அளவில் ஒரு வழக்காகவே நடந்தது. ஸ்பேர் பார்ட்ஸையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்கிறார்கள் என்ற புகாரில், 2014 ஆகஸ்ட் 25-ம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் ரூ.2,545 கோடி அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதம் எதுவோ அதற்கு மட்டும் வாரன்டியை மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது.

நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அதனால் வாரன்டிக் காலத்தில் இந்த உத்தரவை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். வாரன்டி புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்க. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரிப்பேர் உரிமை' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் ஒரு பிரிவு.

வாரன்டி முடிந்த வண்டிக்கு நடுவழி ஒன்று உண்டு. கார் கம்பெனிகள் எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, ரானே போன்ற தமிழ்நாட்டு நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து தருவதோடு, தங்கள் பெயரிலும் கடைகளில் விற்கின்றன. கார் கம்பெனி முத்திரை போட்ட பாகத்தைவிட இவை விலை குறைவாக இருக்கலாம். பில் போட்டு வாங்குவது முக்கியம். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் பழைய பாகங்களில் கதவு, பம்பர், விளக்கு வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஜிஎஸ்டி மாற்றத்தில் நல்ல செய்தியும் இங்கேதான். வாகன பாகங்கள் எல்லாவற்றுக்கும் இப்போது ஒரே விகிதம், 18 சதவீதம். முன்பு 28 சதவீதம் இருந்த ரூ.10,000 அடக்க விலைப் பாகம் ரூ.12,800 ஆனது; இப்போது ரூ.11,800. பில்லில் பழைய விகிதம் போடவில்லையே என்று ஒரு தடவை பார்த்துவிடுங்க.

கம்பெனியே நாட்டை விட்டுப் போனால்? ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. செவ்ரோலே விற்பனை 2017 இறுதியில் நின்றது. ஈகோஸ்போர்ட், எண்டேவர், டவேரா இன்னும் சாலையில் ஓடுகின்றன. சர்வீஸும் பாகமும் தொடரும் என்று ஃபோர்டு சொல்லியிருக்கிறது. இருந்தாலும் சின்ன ஊரில் இருப்பவர், அந்த வண்டிக்குப் பாகம் எத்தனை நாளில் வரும் என்று விசாரித்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

டெல்லி வண்டி சீப்பா கிடைக்குதாமே?

டெல்லி மற்றும் அதைச் சுற்றியுள்ள பகுதியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தளர்வு கொடுக்கும்வரை அங்கே டீசல் எஸ்யூவி விலை அடிமாட்டு விலைக்குப் போனது. அவை தென் மாநிலங்களுக்கு வந்தன.

வாங்குவது தப்பில்லை. ஆனால் வேற மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வேண்டும். அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே வண்டியின் வயசுக்கு ஏற்ப வாழ்நாள் வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இந்த வரி ஏறியது. புது காருக்கு ரூ.10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். பழைய வண்டிக்குக் குறையும் என்றாலும், பேசிய விலையோடு இதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

15 வருடம் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு ரூ.600 ஆக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ.5,000. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி. 12 வருட எஸ்யூவி வாங்குபவர், மூன்றே வருடத்தில் இந்த வரிசையில் நிற்பார்.

வாடகைக்கு விட்டு தவணை கட்டிவிடலாமா?

கிராமங்களில் இது சகஜம். "கல்யாணம், சபரிமலை, ஆஸ்பத்திரின்னு மாசம் நாலு ட்ரிப் ஓடினா தவணை வந்துடும்" என்ற கணக்கு. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. அதைவிடப் பெரிய ஆபத்து, அப்படி ஓடும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் சேதத் தொகையை மறுக்கலாம். சொந்த உபயோகத்துக்கு என்றுதான் அந்த பாலிசியே எழுதப்படுகிறது. ஏறியிருந்தவர்களுக்குக் காயம் என்றால் இழப்பீடு உரிமையாளர் தலையில் விழலாம். வாடகைதான் திட்டம் என்றால் மஞ்சள் போர்டு, பர்மிட், எஃப்சி, வணிக இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

ஐந்து வருடக் கணக்கு

இது புரிதலுக்கான மாதிரிக் கணக்கு. எண்கள் வண்டிக்கு வண்டி மாறும். உங்க மெக்கானிக் சொல்லும் விலையை இதே கட்டத்தில் போட்டுப் பாருங்க.

ஏழு வருட டீசல் எஸ்யூவி, விலை ரூ.7 லட்சம். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர், ஐந்து வருடத்தில் 60,000 கிலோமீட்டர்.

- வழக்கமான சர்வீஸ், வருடத்துக்கு ரூ.12,000 வீதம்: ரூ.60,000
- நாலு டயர், ஒரு முறை: ரூ.50,000
- கிளட்ச்: ரூ.40,000
- சஸ்பென்ஷன் வேலை: ரூ.35,000
- ஏசி வேலை: ரூ.25,000
- பிரேக் பேடு, டிஸ்க்: ரூ.17,000
- பேட்டரி: ரூ.8,000
- டர்போ, இன்ஜெக்டர் போன்ற எதிர்பாராத வேலைக்கு ஒதுக்குவது: ரூ.65,000

மொத்தம் ரூ.3 லட்சம். மாதத்துக்கு ரூ.5,000. கிலோமீட்டருக்கு ரூ.5.

இதில் டீசல் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, கடன் தவணை இல்லை. லிட்டருக்கு 12 கிலோமீட்டர், டீசல் ரூ.95 என்று வைத்தால், எரிபொருளுக்கு மட்டும் மாதம் சுமார் ரூ.7,900 தனி.

புதுசில் ரூ.14 லட்சம் கொடுத்தவருக்கு இந்த ரூ.3 லட்சம், வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கு. பழசாக ரூ.7 லட்சத்துக்கு வாங்கியவருக்குப் பாதியை நெருங்கும். ரிப்பேர் ஒன்றுதான், பில்லும் ஒன்றுதான். பாதி விலைக்கு வண்டி வாங்கும் குடும்பத்துக்கு அதுதான் பாரம்.

இந்த ரூ.3 லட்சம் மாதா மாதம் ஒரே சீராகவும் வராது. இரண்டு வருடம் ஒன்றுமே இருக்காது. பிறகு ஒரே மாதத்தில் கிளட்ச்சும் டயரும் சேர்ந்து வரும். அது ஆடி மாதமா, பள்ளிக் கட்டணம் கட்டும் மாதமா என்று வண்டி பார்க்காது. அப்போது நகையை வைப்பதோ, ரிப்பேரைத் தள்ளிப்போட்டுத் தேய்ந்த பிரேக்கோடு ஓட்டுவதோதான் வழி என்றாகும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

1. எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு, கடன் பாக்கி, இன்சூரன்ஸ் தேதி, எத்தனையாவது உரிமையாளர், அபராத பாக்கி எல்லாவற்றையும் பாருங்க.

2. வண்டி எண்ணை வைத்து, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் வரலாறு கேளுங்க. விற்பவர் கூட வந்தால் வேலை எளிது. மீட்டரில் 70,000 கிலோமீட்டர், சர்வீஸ் பதிவில் 1,10,000 என்றிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

3. காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்து பாருங்க. ஏற்கெனவே சூடேற்றி வைத்த வண்டியில் பல கோளாறுகள் தெரியாது.

4. டயர் தயாரிப்பு வருடம், டைமிங் பெல்ட் மாற்றிய பில், கிளட்ச் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்க. இல்லை என்றால், அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்க.

5. ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கைக் கூட்டிப்போய் முழுப் பரிசோதனை செய்யுங்க. அவருக்குக் கொடுக்கும் கூலி, இந்த முழு வியாபாரத்தில் மிகக் குறைந்த செலவு.

6. அந்த வண்டியின் கிளட்ச் செட், ஒரு டயர், ஒரு ஹெட்லைட், முன் ஷாக் அப்சார்பர் என நாலு பாகத்தின் இன்றைய விலையைக் கடையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்க. அந்த வண்டியைக் கட்டி மேய்க்க முடியுமா என்பது இந்த நாலு எண்ணில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

7. கையில் ரூ.7 லட்சம் இருந்தால் ரூ.7 லட்சத்துக்கு வண்டி பார்க்காதீங்க. ரூ.6 லட்சத்துக்குள் பாருங்க. மீதி ரூ.1 லட்சத்தை ரிப்பேருக்கென்று வங்கியில் தனியாகப் போட்டு, மாதம் ரூ.5,000 சேர்த்துக்கொண்டே வாங்க.

அந்த ரூ.5,000 மாதா மாதம் எடுத்து வைக்க முடியாது என்று தோன்றினால், குட்டி எஸ்யூவியோ பொலேரோ மாதிரி எளிய வண்டியோ பார்ப்பது புத்திசாலித்தனம். டயர் சின்னது, பிரீமியம் குறைவு, உள்ளூரிலேயே வேலை நடக்கும்.